காரணம், ஐம்பது எழுத்துக்குள்

திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா, சிட்டா,
இங்கிலீஷில் கடிதம் பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
துக்கம் என்றாலும் அதே முப்பதுதான்.

பன்னிரண்டு வருஷத் தட்டச்சு.
எந்தச் சொல் எவ்வளவு அழும் என்று
விரலுக்கே தெரியும்.
பேங்க்குக்கு 'ரிக்ரெட்'. ஹெட்மாஸ்டருக்கு 'அன்ஹேப்பி'.
சாவு வீட்டுக்கு 'ஹார்ட்ஃபெல்ட்', கொஞ்சம் பெரிய எழுத்தில்.
காலை மிதித்தாலும் பிள்ளையைப் பறிகொடுத்தாலும்
'சாரி' ஒன்றுதான்.
அது பெரியாஸ்பத்திரிப் போர்வை,
யார்மேலும் போர்த்தலாம்
யாருக்கும் கால் மூடாது.

பையன்கள் 'மூட் அவுட்' என்று எழுதச் சொல்வார்கள்.
அது இங்கிலீஷ் இல்லை தம்பி, நம்ம ஊரில் விளைந்தது என்பேன்.
'ஐ ஆம் டவுன்' என்று
ஒருத்தி எழுதிக்கொண்டு வந்தாள்.
டவுன்லதானே இருக்கே, பஸ் ஏறி வீட்டுக்குப் போ என்றேன்.
சிரித்தாள்.
கண் வீங்கியிருந்ததை
அவள் படி இறங்கிய பிறகுதான் யோசித்தேன்.

கார்த்திகைக் கடைசி. மழை விட்டு மூன்றாம் நாள்
கெண்டைக்கால் சேறு காயாமல் வந்தாள் வேதநாயகி,
இடும்பாவனம் பக்கம்.
புருஷன் சித்திரவேலு சிங்கப்பூரில், கப்பல் பட்டறையில்.
அவனுடைய லீவ் ஃபாரம் அவள் போனில்.
கடவு எண் உள்ளங்கையில், பால்பாயின்ட் நீலத்தில்.

மரணம். திருமணம். மருத்துவம்.
நாலாவதாக 'மற்றவை',
அதற்குக் கீழே ஒரு பெட்டி:
காரணம், ஐம்பது எழுத்துக்குள்.

"யாரும் சாகலக்கா" என்றாள்
ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

"மூணு மா. கடைமடை.
வைகாசியில மேட்டூர்ல தொறந்த தண்ணி
எங்களுக்கு ஆவணியிலதான் வந்துச்சு.
இப்ப மழைத்தண்ணி வந்துச்சு, போவ மாட்டேங்குது.
பதினாலு நாள் முழுகினாலும் தாங்குற நெல்லுன்னு குடுத்தாங்க.
பதினேழு நாள் நின்னுச்சு.
அவரு வந்து பயிர நிமுத்தப் போறதில்ல.
வந்து வரப்புல எங்கூட நிக்கணும்.
அவ்ளோதான். அதுக்கு என்னக்கா இங்கிலீஷ்ல?"

'டிப்ரெஷன்' என்று அடித்தேன்.
எட்டிப் பார்த்தவளுக்குப் படித்துக் காட்டினேன்.
டிவியில் கேட்ட சொல். கடலில் சுழன்றது அதுதானே.
"அது ஆந்திரா பக்கம் போயிடுச்சேக்கா."

அழித்தேன். 'லோன்லி'.
"மாமியா, கொழுந்தன், ரெண்டு புள்ளைங்க, மூணு ஆடு.
தனியா எங்க இருக்கேன்?"

'ஹோப்லெஸ்'. அர்த்தம் சொன்னதும் முறைத்தாள்.
"நம்பிக்கை இல்லாமலா
முப்பது ரூபா எடுத்துக்கிட்டு வந்தேன்?"

வெளியே முள்ளியாறு
பழுப்பு நிறத்தில் யாரையும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது.
கரண்ட் போய் வந்தது.
என் அகராதி மொத்தமும் மேசையில் கிடக்க
அவள் சொன்னதையே அப்படியே அடித்தேன்,
வயலில் தன்னோடு நிற்க வரச்சொல்கிறாள் மனைவி என்று,
இங்கிலீஷில், அலங்காரம் இல்லாமல்.
நாற்பத்தைந்து எழுத்து.
ஐந்து மிச்சம்.
'சாரி'க்குச் சரியாய் ஐந்து எழுத்துதான்,
நடுவே ஒரு இடைவெளி விட இடமில்லை.
விட்டுவிட்டேன்.

முப்பதை வாங்கிக்கொண்டேன்.
கரண்ட் பில் எனக்கும் வருமே.

மறுநாள் பத்தரை மணிக்குப் போனை நீட்டினாள்.
பதில் ஒரே சொல்: 'நோட்டட்'.
என்னக்கா போட்டிருக்கு?
குறிச்சுக்கிட்டாங்களாம் என்றேன்.

சேலைத் தலைப்பால் போன் கண்ணாடியைத் துடைத்தாள்.
திரும்பவும் அந்தச் சொல்லைப் பார்த்தாள்.
வேதாரண்யம் பஸ் ஹாரன் அடித்தது.

"எதுலக்கா?" என்றாள்.